கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அந்தப் புத்தகத்துல படிக்க என்ன இருக்கு?" பழைய துப்பறியும் கதைகளை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதைக்கு ஏதோ சொன்னேன். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது, எனக்குத்தான் போதவில்லை. முடிவு தெரிந்த கதையில் நான் எதைத் தேடுகிறேன் என்ற கேள்வி அதன்பிறகு எடுத்த ஒவ்வொரு புத்தகத்தோடும் கூடவே வந்தது.

நண்பர் மட்டும் சொன்னதென்றால் விட்டிருப்பேன். பெரிய ஆட்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் துப்பறியும் கதை என்றால் உயிரை விடுகிறவர். புகையிலை, மது போலத் தனக்கு இது ஒரு பழக்கம் என்று 1948இல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். அதே கட்டுரையில், படித்து முடித்ததுமே கதை தனக்கு மறந்துவிடும் என்றும் திரும்பப் படிக்கும் ஆசை வருவதில்லை என்றும் சொல்லிவிடுகிறார். அவராவது அன்போடு சொன்னார். விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்பதுதான். அக்ராய்ட், அகதா கிறிஸ்டியின் நாவல் ஒன்றில் கொலையாகிறவர். விடை தெரியும்வரை ஒரு பரபரப்பு, தெரிந்தபின் வெறும் காகிதம் என்பது இவர்கள் கட்சி. ஆடனின் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. அவர் சொன்ன மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போக முடிகிறது, இந்த ஒன்றோடு மட்டும் முடியவில்லை.

தமிழில் படிக்கத் தொடங்கிய பலரைப் போல நானும் சங்கர்லாலில் ஆரம்பித்து, ஷெர்லாக் ஹோம்ஸ் வழியாக அகதா கிறிஸ்டிக்குப் போனவன். அந்த வயதில் படித்த வேகமே வேறு. கடைசி அத்தியாயத்துக்கு ஓடுவதுதான் படிப்பு. நடுவில் வரும் தோட்டமும் வீடும் விருந்தும் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் தடைகள். பிறகு வேறு எழுத்துகள், வேறு ஆர்வங்கள் வந்தன. பல வருடங்கள் இந்தக் கதைகள் பக்கமே போகவில்லை. குற்றக் கதை வேண்டுமென்று தோன்றினால் புதிதாக வருகிற த்ரில்லர்களைப் படித்தேன். அவற்றில் நல்லவை உண்டு, ஆனால் படித்து முடித்ததும் ஒரு களைப்புதான் மிஞ்சும். அந்தக் களைப்புக்கு என்ன காரணம் என்று அப்போது புரியவில்லை.

திரும்பி வந்தது மறுவாசிப்பு செய்ய வேண்டும் என்ற திட்டத்தோடு இல்லை. தூக்கம் சரியாக வராத ஒரு காலம். கைப்பேசியைத் தொடாமல் இருக்க ஒரு புத்தகம் தேவைப்பட்டது. புதுக் கதை என்றால் பரபரப்பில் விடியும்வரை படித்துவிடும் ஆபத்து உண்டு. முடிவு ஏற்கெனவே தெரிந்த ஒன்று என்றால் நான்கு பக்கத்தில் கண் சொக்கிவிடும் என்று கணக்குப்போட்டு, அலமாரியிலிருந்து கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலை எடுத்தேன். கொலைகாரர் யாரென்று ஒருமுறை தெரிந்துகொண்டவர்கள் வாழ்நாளில் மறக்க முடியாத புத்தகம் அது. அதனால்தான் எடுத்தேன். அன்று இரவு தூங்கவில்லை.

பத்து நிமிடங்கள்

1926இல் வெளியான இந்த நாவலை இன்னும் படிக்காதவர்கள் இருக்கலாம். அவர்களுக்காகக் கொலைகாரரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் யாரென்று ஊகிக்க முயலாமல் அடுத்த சில வரிகளைக் கடந்துவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கதையின் தொடக்கப் பகுதியில் அக்ராய்டின் படிப்பறையில் ஒரு காட்சி வருகிறது. ஒரு கடிதம் உள்ளே கொண்டுவரப்படுகிறது. அப்போது மணி எட்டு நாற்பது என்கிறது ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியத்தில் மணி எட்டு ஐம்பது. காட்சி முடிந்து, கதவருகே வந்தாயிற்று, கடிதம் இன்னும் படிக்கப்படாமலே கிடக்கிறது. இரண்டு வாக்கியங்களும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. நடுவே பத்து நிமிடம் காணவில்லை. முதல்முறை படிக்கும்போது இதை நான் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் கதைகளில் நேரம் இப்படித்தான் நகரும் என்று நாம் பழகியிருக்கிறோம். இடையில் நடந்தது முக்கியமில்லாததால் எழுத்தாளர் தாண்டிவிட்டார் என்று நாமாகவே நிரப்பிக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்துக்குள்ளேதான் கிறிஸ்டி கொலையை ஒளித்துவைத்திருக்கிறார்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்தின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி படித்தேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி. சொல்லாமல் விட்டது மட்டும் இருக்கிறது, அதையும் எந்த இடத்தில் விட்டார் என்பதைக் கடிகார நேரத்தோடு நம் கையில் கொடுத்திருக்கிறார். நாவல் வெளிவந்தபோது இது மோசடி என்று பலர் சண்டைக்குப் போனார்கள். எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியது வாசகரின் வேலை என்று சக எழுத்தாளரான டோரதி எல். சேயர்ஸ் கிறிஸ்டிக்காக வாதாடினார். என் கட்சி சேயர்ஸின் கட்சிதான். ஆனால் அவர் வாதம் சரி என்பதை முதல் வாசிப்பில் உணரவே முடியாது. முதல் வாசிப்பில் ஏமாற்றப்பட்ட உணர்வுதான் இருக்கும். இரண்டாம் முறை, விடையைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் போகும்போதுதான் அந்த எழுத்து எவ்வளவு நேர்மையானது என்று தெரிகிறது. கணக்கில் விடையை முதலில் பார்த்துவிட்டு, செய்த வழியைப் படிப்படியாகச் சரிபார்ப்பது மாதிரி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அன்று இரவு நடந்தது. கொலைகாரர் வரும் காட்சிகளில் எல்லாம் எனக்கு இன்னொரு கதை கேட்கத் தொடங்கியது. அவர் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவோடு பேசுகிறார். முதல்முறை அது சாதாரண உரையாடல். இப்போது ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் ஒரு கணம் யோசிப்பது தெரிகிறது. புவாரோ அறைக்குள் நாற்காலி ஏன் இடம் மாறியிருந்தது என்று பணியாள் பார்க்கரிடம் விசாரிக்கும்போது, அந்தக் கேள்வி யார் நெஞ்சில் போய்த் தைக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓய்வுபெற்று ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் பூசணி வளர்க்க வந்த மனிதர், எந்தச் சத்தமும் இல்லாமல் ஒருவரை நெருங்கிக்கொண்டே இருக்கிறார். பயம் பக்கத்துக்குப் பக்கம் கூடுகிறது. முதல் வாசிப்பில் இந்தப் பயம் இல்லவே இல்லை. யார் கொன்றார் என்ற ஆர்வம் அதை முழுக்க மூடிவைத்திருந்தது.

இலக்கியக் கோட்பாட்டாளர் ட்ஸ்வெட்டன் டோடரோவ் 1966இல் எழுதிய ஒரு கட்டுரையில், துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று குற்றத்தின் கதை, இன்னொன்று விசாரணையின் கதை. முதல் கதை நாம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது, நாம் படிப்பது இரண்டாவதை. இதை முன்பே படித்திருந்தேன், கோட்பாடாக ஒப்புக்கொண்டும் இருந்தேன். அக்ராய்டைத் திரும்பப் படித்த அன்றுதான் அதன் முழுப் பொருள் பிடிபட்டது. குற்றத்தின் கதை எங்கேயும் போய்விடவில்லை, அதே பக்கங்களில்தான் இருக்கிறது. அதைப் படிக்க முடிவு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே சொற்களில் இரண்டு புத்தகங்களை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் கிறிஸ்டி. முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பாதியைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஒளிப்பது

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன். ஹோம்ஸ் கதைகளில் முதலில் போனது 1892இல் வந்த 'சில்வர் பிளேஸ்' கதைக்கு. இரவில் நாய் குரைக்கவில்லை என்ற துப்பு இந்தக் கதையில்தான் வருகிறது, அது கதையைப் படிக்காதவர்களுக்கும் தெரிந்த விஷயம். நாயின் புகழ் மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிட்டது என்பது திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது. பந்தயக் குதிரை காணாமல் போன இரவு, காவலுக்கு இருந்த லாயப் பையனின் உணவில் அபின் கலந்திருக்கிறது. அன்று அவனுக்குப் போனது மசாலா போட்ட ஆட்டுக்கறி. இதை ஹோம்ஸ் ரயிலில் போகும்போதே வாட்சனிடம் சொல்லிவிடுகிறார், கதை தொடங்கிச் சில பக்கங்களுக்குள். அபினின் சுவையை மறைக்க இந்த மாதிரி உணவு வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒரு ஆள் அன்று அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதைத் தீர்மானிக்க முடியுமா? கேள்வியை இப்படிக் கேட்டுவிட்டால் நாய் வருவதற்கு முன்பே பாதி விடை வந்துவிடும். முதல் வாசிப்பில் நமக்கு அது வெறும் சாப்பாடு. பிறகு, விளக்கம் வருவதற்குச் சற்று முன்னால், அங்கே மேயும் ஆடுகளில் மூன்று நொண்டுவதாக ஒரு செய்தி வரும். ஹோம்ஸுக்கு அதில் அளவற்ற சந்தோஷம். குதிரைக் கதையில் ஆடு எதற்கு என்று கேட்காமல் நாம் பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் எப்போதும் இவ்வளவு நியாயமாக நடந்துகொள்வதில்லை. 'தி ரெட் ஹெடட் லீக்' கதையில், அடகுக்கடை உதவியாளனின் கால்சட்டை முழங்காலைப் பார்ப்பதற்காகவே ஹோம்ஸ் கதவைத் தட்டுகிறார். என்ன பார்த்தீர்கள் என்று வாட்சன் கேட்டால், எதிர்பார்த்ததைப் பார்த்தேன் என்று முடித்துவிடுகிறார். வாட்சனுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. ஆனால் அந்த உதவியாளன் பாதிச் சம்பளத்துக்கே வேலைக்கு வந்தவன் என்பதும், புகைப்படம் எடுக்கும் பித்து என்று சொல்லிக்கொண்டு எந்நேரமும் நிலவறைக்குள் போய்விடுகிறான் என்பதும் ஆரம்பத்திலேயே, அவனைப் புகழ்கிற முதலாளியின் வாயாலேயே வந்துவிடுகிறது. குறைந்த கூலிக்குத் திறமையான ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் சொல்வதை நாமும் அவரோடு சேர்ந்து நம்பிவிடுகிறோம். இன்னொரு சந்தோஷமும் கிடைத்தது. செம்பட்டை முடிக்காரர்களுக்கு வேலை தருவதாகச் சொல்லி அந்த முதலாளியை இழுக்கும் சங்கத்தின் விளம்பரம் வந்த தேதி 1890 ஏப்ரல் 27, சங்கம் கலைக்கப்பட்ட தேதி அக்டோபர் 9. நடுவில் இரண்டு மாதம்தான் கடந்தது என்கிறார் வாட்சன். டாயிலின் கவனக்குறைவு இது. ஹோம்ஸ் ரசிகர்கள் காலங்காலமாக விவாதிக்கும் இந்த இடத்தை, இந்தத் தடவை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தது ஒரு தனி நிறைவு.

இங்கிலாந்தில் 1920களிலும் 30களிலும் எழுதியவர்கள் இந்த நியாயத்தைச் சட்டமாகவே ஆக்கப் பார்த்தார்கள். பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும். அமானுஷ்யம் உதவிக்கு வரக் கூடாது. ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது. துப்பறிகிறவர் கண்டெடுக்கும் துப்பை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும். 1930இல் லண்டனில் டிடெக்‌ஷன் கிளப் தொடங்கியபோது, ஜி. கே. செஸ்டர்டனை முதல் தலைவராக வைத்துக்கொண்டு, புதிதாகச் சேருகிறவர்கள் இதே பாணியில் சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள். அமெரிக்காவில் எல்லரி குவீன் என்ற ஒரே பெயரில் எழுதிய இரு சகோதர உறவினர்கள், கதையை விடைக்கு முன்னால் நிறுத்தி, துப்பெல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, முடிந்தால் நீங்களே கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்குச் சவால் விட்டார்கள்.

இதெல்லாம் விளையாட்டு விதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டு விதிக்குள் வாசகர்மேல் ஒரு மரியாதை இருக்கிறது. எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரியும், என்னைவிட நீ ஒன்றும் குறைந்தவன் இல்லை என்று எழுத்தாளர் ஒப்புக்கொள்கிறார். புதிய த்ரில்லர்கள் பலவற்றில் எனக்கு ஏற்பட்ட களைப்பின் காரணம் இங்கேதான் புரிந்தது. அவற்றில் கடைசித் திருப்பம் என்பது பெரும்பாலும் நம்மிடமிருந்து மறைக்கப்பட்ட ஒரு தகவல். அதை முந்நூறாவது பக்கத்தில் எடுத்து வைத்ததும் அதிர்ச்சி வரும், மறுக்க முடியாது. திரும்பப் போய்த் தேடினால் முந்தைய பக்கங்களில் அதற்கான தடயம் இருக்காது. மறைப்பதற்கு ஒரு பூட்டு போதும். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவைத்தபடியே ஒருவர் கண்ணில் படாமல் செய்வதற்கு, மனிதர்கள் எதைப் பார்ப்பார்கள், எதைப் பார்க்க மாட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். எட்கர் ஆலன் போ 1844இலேயே இதைச் செய்துவிட்டார். காவல்துறை வீட்டையே பிரித்து மேய்ந்து தேடும் திருட்டுக் கடிதம், எல்லோரும் பார்க்கிற இடத்தில், ஒரு சாதாரண அட்டைத் தாங்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

யாரும் பார்க்காத மனிதர்கள்

எதைப் பார்க்க மாட்டார்கள் என்ற இந்தக் கேள்வி என்னைச் செஸ்டர்டனிடம் கொண்டுபோய்விட்டது. 1911இல் வந்த, துப்பறியும் பாதிரியார் ஃபாதர் பிரவுன் கதைகளின் முதல் தொகுப்பில் 'தி இன்விசிபிள் மேன்' என்ற கதை இருக்கிறது. நூறு வருடம் தாண்டிய கதை, விடையைச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கிறது. கொலை மிரட்டல் வந்த ஒருவரின் அடுக்குமாடி வீட்டு வாசலை நான்கு பேர் கண்காணிக்கிறார்கள். துப்புரவு செய்கிறவர், வாயிற்காவலர், போலீஸ்காரர், தெருவில் கொட்டை வறுத்து விற்பவர். யாரும் உள்ளே போகவில்லை என்று நால்வரும் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே இருந்தவர் கொல்லப்பட்டுவிட்டார், உடலையும் காணோம், வாசலில் பெய்திருந்த பனியில் காலடித் தடம் இருக்கிறது. உள்ளே போனவர் தபால்காரர். நால்வர் கண் முன்னாலும் போனார், உடலைத் தபால் பையில் வைத்து அதே வழியாகத் திரும்பினார். யாரும் பொய் சொல்லவில்லை. தபால்காரரை ஒரு ஆளாக அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை.

சின்ன வயதில் இதை நல்ல தந்திரம் என்று ரசித்தேன். இப்போது படித்தபோது தந்திரம் பின்னால் போய்விட்டது. கதையின் தொடக்கத்தில் ஒரு பெண், தெருவில் யாருமே இல்லாதபோது தன்னைத் துரத்துகிறவனின் குரல் கேட்டதாகச் சொல்வாள். அதே கணத்தில் அவள் கையில், அப்போதுதான் வந்த ஒரு கடிதம். கடிதம் வந்தது என்றால் கொண்டுவந்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவளுக்கு அது தோன்றவில்லை. படிக்கிற எனக்கும் தோன்றவில்லை. ஒரு சமூகம் யாரையெல்லாம் பார்க்காமல் விடுகிறது என்பதைப் பற்றிக் கட்டுரை எழுதலாம், பிரசங்கம் செய்யலாம். செஸ்டர்டன் அப்படிச் சொல்லவில்லை, என்னையே அந்த ஐந்தாவது காவலாளியாக வாசலில் நிறுத்திவிட்டார். நானும் பார்க்கவில்லை என்று சாட்சி சொன்ன பிறகு, அந்த விஷயத்தை மறுக்க எனக்கு வழி இல்லை.

கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளும் இதே ஓட்டை வழியாகத்தான் உலகைப் பார்க்கிறார். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டோ ஸ்வெட்டர் பின்னிக்கொண்டோ இருக்கும் வயதான பெண்ணை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், அதனால் அவர் முன்னால் எதையும் பேசுவார்கள். அக்ராய்ட் நாவலில் டாக்டர் ஷெப்பர்டின் அக்கா கரோலின் வருகிறார். வீட்டைவிட்டு நகராமலே ஊர்ச் செய்தி அனைத்தையும் சேகரித்துவிடும் பெண்மணி. கரோலினை எழுதியதில் கிடைத்த மகிழ்ச்சியிலிருந்தே மார்ப்பிள் பிறந்திருக்கலாம் என்று கிறிஸ்டி தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். முதல் வாசிப்பில் நான் அவசரமாகத் தாண்டிய ஆள் இந்தக் கரோலின். இப்போது அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அவர்தான்.

திரும்பப் படிக்கும்போது நல்லது மட்டும் கண்ணில் படுவதில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தின் அழுக்கும் நன்றாகவே தெரிகிறது. வேலைக்காரப் பெண்களைப் பற்றிய அலட்சியம், யூதர்களைப் பற்றிய வசைகள், வெளிநாட்டவர் என்றாலே வரும் சந்தேகம். கதையில் சீனர் வரக் கூடாது என்று நாக்ஸ் ஒரு கட்டளையே போட்டார் என்றால், சீனர் ஒருவரை வில்லனாகக் கொண்டுவருவது அன்றைய மலிவுக் கதைகளில் எவ்வளவு தேய்ந்த வழக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். இவற்றைக் கண்டும் காணாமல் போகச் சொல்ல மாட்டேன். வாசலில் தபால்காரரைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அதே கதைகளைத்தான், அவை யாரைப் பார்க்கத் தவறின என்றும் கேட்கிறோம்.

தாங்காதவையும் தாங்கியவையும்

எல்லாப் புத்தகமும் இரண்டாம் வாசிப்பைத் தாங்கவில்லை. சேயர்ஸ் 1931இல் எழுதிய 'ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ்' ரயில் நேரங்களும் சைக்கிள் தூரங்களும் நிறைந்த நாவல். எந்த ரயிலை யார் பிடித்திருக்க முடியும் என்ற கணக்கு ஒருமுறை தீர்ந்ததும் அந்த மனிதர்களோடு இருக்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பாதியில் வைத்துவிட்டேன். வில்சன் சொன்னது இந்த வகைக்குப் பொருந்தும்.

ஆனால் வில்சன் குறிவைத்துத் தாக்கியது இதை அல்ல, அதே சேயர்ஸின் 'தி நைன் டெய்லர்ஸ்' நாவலை. தேவாலய மணிகளை இங்கிலாந்தில் எப்படி அடிப்பார்கள் என்று அந்த நாவல் விரிவாகச் சொல்கிறது. கலைக்களஞ்சியக் கட்டுரை போல இருக்கிறது என்று குறைப்பட்ட வில்சன், அந்தப் பகுதிகளில் நிறையத் தாண்டிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் உண்மையாகவே வருத்தம் வந்தது. கதையின் உயிரே அந்த மணிகளில்தான் இருக்கிறது. புத்தாண்டு இரவில் ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் மணியடிக்கும் தொடக்கக் காட்சியை, முடிவு தெரிந்த ஒருவர் எந்த மனநிலையில் படிக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். தாண்டிப் படிக்கிறவருக்கு எதையும் கொடுக்காத எழுத்து வகை இது. கைப்பேசித் திரையில் மேலோட்டமாக ஓடிப் பழகிய என் கண்ணை நிதானத்துக்குக் கொண்டுவந்ததும் இந்தக் கண்டிப்புதான்.

ஆந்தனி பெர்க்லி 1929இல் எழுதிய 'தி பாய்சன்ட் சாக்லேட்ஸ் கேஸ்' பற்றித் தனியாகவே எழுதலாம். விஷம் கலந்த சாக்லேட் பெட்டி, ஒரு மரணம், போலீஸ் கைவிட்ட வழக்கு. ஆறு பேர் கொண்ட ஒரு சங்கம் அதை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொருவரும் முறைவைத்து எழுந்து தன் விடையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு விடையும் கேட்கும்போது அசைக்க முடியாததாக இருக்கிறது, அடுத்த ஆள் எழுந்ததும் சரிந்துவிடுகிறது. தடயங்கள் பெரும்பாலும் அவையேதான், படிக்கிற விதம்தான் மாறுகிறது. மறுவாசிப்பையே கதையாக எழுதியிருக்கிறார் பெர்க்லி. இந்த வழியிலேயே இன்னும் தூரம் போனவர் பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார். அக்ராய்ட் கொலையில் புவாரோ தவறான ஆளைப் பிடித்துவிட்டார் என்று வாதிட்டு 1998இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் எழுபது வருடம் கழித்தும் ஒரு வழக்கைத் திறந்து விசாரிக்க அந்த நாவலில் இடம் இருக்கிறது என்றால், யார் கொன்றால் யாருக்கென்ன என்று கேட்ட வில்சனுக்கு ஒரு பதில் அதிலேயே இருக்கிறது.

இப்போது வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' நாவலில் இருக்கிறேன். 1868இல் வந்தது, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கொள்ளையடிக்கப்பட்ட வைரத்தைப் பற்றிய கதை. ரோசன்னா ஸ்பியர்மன் என்று ஒரு வேலைக்காரப் பெண் அதில் வருவாள். முன்பு திருட்டுக்காகச் சிறையில் இருந்தவள். வைரம் காணாமல் போனதும் சார்ஜன்ட் கஃப்பின் பார்வை அவள்மேல் விழுகிறது, நம் பார்வையும்தான். அவள் எதையோ மறைக்கிறாள், ரகசியமாகத் துணி வாங்குகிறாள், புதைமணல் கரையில் போய் நிற்கிறாள். முதல் வாசிப்பில் இவையெல்லாம் எனக்குத் துப்புகள், அவள் எனக்கு ஒரு சந்தேக நபர். இப்போது அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று தெரியும். வைரம் காணாமல் போவதற்கு வெகு முன்னால் ஒரு காட்சி வருகிறது. வீட்டின் மூத்த பணியாளர் பெட்டரெட்ஜின் மேலங்கியில் இருந்த எண்ணெய்க் கறையை அவள் போக்கிக்கொடுத்திருப்பாள். கறை போய்விட்டது, கறை இருந்த இடம் தெரிகிறதே என்று தன் கடந்தகாலத்தை நினைத்துச் சொல்வாள். கதை முழுவதும் பிறகு ஒரு துணியில் பட்ட கறையைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது என்பதை அறிந்தவருக்கு அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

கஃப் வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். ரோசன்னா எழுதி வைத்துவிட்டுப் போன நீண்ட கடிதம் இன்னும் வெகுதூரம் தள்ளி வருகிறது. சின்ன வயதில் அந்தக் கடிதத்தில் வைரத்தைப் பற்றிய வரிகளை மட்டும் தேடித் தேடிப் படித்துவிட்டு ஓடினேன். அவள் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்த பக்கங்களுக்காகத்தான் இந்த முறை புத்தகத்தை எடுத்திருக்கிறேன்.